இடது கண்ணில் ஒரு துளி

ஓஸ்த்ராவாவில் ஜனவரி என்றால்
வானம் ஒரு பானை மூடி.
எஃகு ஆலையின் புகை மேலே போக வழியில்லாமல்
டிராம் கம்பிகளில் உட்கார்ந்திருக்கும்.
ஊருக்குள் ஒரு கசடு மலை. எமா என்று பெயர்.
உள்ளே இன்னும் கனல்வதால்
உச்சியில் பனி தங்குவதில்லை.
இங்கே யாருக்கு மூச்சு முட்டினாலும்
முதல் பழி எமாவுக்குத்தான்.

இரவு இரண்டு பத்துக்கு விளாஸ்திமில் குபாலா வந்தார்.
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர்.
படுக்க மறுத்து, முட்டியில் கையூன்றி,
எதிரே தண்டவாளம் நீள்வதுபோல்
முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.
மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு:
"புகை... டாக்டர்... வழக்கம்போல..."
எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூச்சுக்குழாயைச் சுற்றித் தசை வளையங்கள்.
அவற்றின் மேலெல்லாம் நுண்ணிய செவிகள்.
அட்ரினலின் வந்து "விடு" என்றால்
செவி கேட்கும், தசை விடும்,
நாய் துரத்துகிறவனுக்கு ஓடக் காற்று கிடைக்கும்.
சால்பியூட்டமால் ஒரு பலகுரல்காரன்.
நாயே இல்லாத அறையில்
நாயைக் கண்டவன் குரலில் கத்துவான்.
இருபது வருடமாக
அவனை நம்பித்தான் என் பிழைப்பு.

பிளாஷெனா முகமூடியை மாட்டினாள்.
வெள்ளை ஆவி.
ஐந்து நிமிடம். பத்து.
வழக்கமாக இந்நேரம் விரல் நடுங்கும்,
இதயம் தறிகெட்டு ஓடும்.
அங்கேயும் செவிகள் உண்டு,
பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கிற செவிகள்.
இவர் விரல் நடுங்கவில்லை.
நாடி அறுபத்திரண்டு.
காற்றுக்குத் தவிக்கிற மனிதனுக்கு
அறுபத்திரண்டு!

இன்னொரு முறை வைத்தோம்.
செவிடன் காதில் ஊதிய சங்கு.
நெஞ்சில் விசில் குறைந்துகொண்டே வந்தது.
அது நல்ல செய்தி இல்லை.
காற்றே போகாத குழலில்
விசில் எங்கிருந்து வரும்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
கோப்பைப் புரட்டினேன்.
மாத்திரை எதுவும் இல்லை. ஒவ்வாமை இல்லை.
சின்ன வயதில் இழுப்பு இருந்திருக்கிறது,
அவரே மறந்துவிட்டார்.
மனைவி திராஹோமீரா கோட்டைக் கழற்றாமல்
சுவரோரமாக நின்றிருந்தாள்.
கைப்பையிலிருந்து ஒரு சிறு சீசாவை எடுத்து,
யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத குரலில்,
"இதை எங்கே வைக்கட்டும்?
காலையில் இவருக்கு விடணும்" என்றாள்.

இடது கண்ணுக்கு. க்ளாக்கோமா.
போன செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது.
டைமோலால்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிய நான்
அவர் கண்ணில் விட்டது என்னவென்று கேட்கவில்லை.

துளி கண்ணோடு நிற்பதில்லை.
கண்ணீர் போகிற வழியே மூக்குக்கு இறங்கி
ரத்தத்தில் ஏறி
நெஞ்சுக்கு வந்துவிடுகிறது.
வந்து எதையும் இறுக்கவில்லை.
எதுவும் சொல்லவுமில்லை.
ஒவ்வொரு செவியிலும் ஒரு விரலை வைத்துக்கொண்டு
சும்மா இருந்தது.
"பிடி, பிடி" என்று முணுமுணுக்கும் நரம்பு ஒன்று
எல்லோருக்குள்ளும் உண்டு.
அதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது,
அவ்வளவுதான்.

சரி, "விடு" காதில் ஏறாதென்றால்
"பிடி" என்கிறவன் வாயைப் பொத்தலாம்.
இப்ராட்ரோபியம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
பிளாஷெனா குப்பியை உடைத்திருந்தாள்.
அந்த மருந்துக்கு அவசரம் தெரியாது.
சுவர்க் கடிகாரத்தையும்
அவர் உதட்டு நிறத்தையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றரைக்கு விசில் திரும்பி வந்தது.
ஸ்டெத்தை எடுக்க மனமில்லாமல்
கேட்டுக்கொண்டே நின்றேன்,
கடைசி வண்டி தூரத்தில் வருவதைக்
கேட்பவன்போல.
பிறகு, உடையாத ஒரு முழு வாக்கியம்:
"இந்த நாற்காலிக்கு பிரேக் எங்கே இருக்கிறது?"
திராஹோமீரா முதல்முறையாகக் கோட்டைக் கழற்றினாள்.

விடிந்ததும் கண் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன்.
திட்டி எழுதிய முதல் தாளைக் கிழித்தேன்;
அங்கே அவர் நெஞ்சைக் கேட்கவில்லை,
இங்கே நான் கண்ணைக் கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எமா
யாருக்கும் எதுவும் சொல்லாமல் புகைந்துகொண்டிருந்தது.
மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.
கேட்கவில்லை.
அதன்மேல் வேறு வழக்குகள் இருக்கின்றன.